பேச்சு முதலிலா, பயம் முதலிலா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சுருக்கித் தருகிறேன்.

"மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மூன்று வயது வரை அம்மா, தா, போ என்று நாலைந்து வார்த்தைதான் பேசுவான். இப்போது பேசுகிறான், ஆனால் பள்ளியில் நடந்ததைக் கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பரிசோதித்துவிட்டோம். விளையாட்டில் கெட்டிக்காரன். ஒரு வருடமாக ஸ்பீச் தெரபிக்குப் போகிறான். ஆறு மாதமாகப் புதுப் பிரச்சினை: பள்ளிக்கூடம் என்றாலே காலையில் வயிற்றுவலி, சில நாள் வாந்தி. எழுந்து வாசிக்கச் சொன்னால் அழுகை. குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை, பயம்தான் என்றார். கவுன்சலிங் போனோம். மூன்று முறை பார்த்தார்கள். 'எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறான், ஒத்துழைக்கவில்லை. பேச்சு நன்றாக வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்பீச் தெரபி கொடுப்பவரோ, 'பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான், முதலில் பயத்தைச் சரிசெய்யுங்கள்' என்கிறார். செலவும் இடிக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று பள்ளியில் வேறு சொல்கிறார்கள். அதையும் செய்யலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் மொழிக் குறைபாடு வருவதில்லை, ஒன்றை நிறுத்துவதால் அது போவதுமில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்லவும் கொஞ்சவும் திட்டவும் சரளமாக வருமோ, அந்த மொழியில்தான் பிள்ளைக்கு நல்ல பேச்சு காதில் விழும். தடுமாறும் ஆங்கிலத்தில் நீங்கள் பேசினால், வீட்டிலும் அவனுக்குப் பாதி புரியாது. பள்ளியில் படும் பாடு போதாதா?

இனி முக்கியமான கேள்வி. பேச்சு முதலிலா, பயம் முதலிலா? இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்று முடியட்டும் என்று மற்றொன்று காத்திருக்கக் கூடாது. உங்களை இங்கும் அங்கும் அனுப்பிய இருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே பிள்ளையின் இரண்டு பாதியைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று நாங்கள் சொல்வதற்கு வெகு அருகில் இருக்கிறது. காது கேட்கிறது, விளையாட்டில் கெட்டிக்காரன், ஆனால் மொழி மட்டும் வயதுக்கேற்ப வரவில்லை. இதற்கு முன்பெல்லாம் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். 2017இல்தான் பிரிட்டிஷ் உளவியலாளர் டோரதி பிஷப் முதலான நிபுணர்கள் கூடிப் பேசி இந்த ஒரே பெயருக்கு வந்தார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய கணக்கெடுப்புகளில் ஏறக்குறைய 7 விழுக்காடு பிள்ளைகளுக்கு இது இருந்தது. முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். அவர்கள் அங்கே உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். மறதிக்காரன், சோம்பேறி, சொன்ன பேச்சு கேட்காதவன் என்று வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு வகுப்பறை வாக்கியத்தைப் பாருங்கள். "நேத்து குடுத்த கணக்கை முடிச்சிட்டு வராதவங்க எல்லாரும் நோட்டை எடுத்துக்கிட்டு வெளியே போய் நில்லுங்க." டீச்சர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். தமிழில் வினை கடைசியில்தான் வரும். யார், எதை, எப்போது என்பதையெல்லாம் அதுவரை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். "வராதவங்க" என்பதில் அந்த ஒரு "ஆ" ஒலிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. உங்கள் மகனைப் போன்ற பிள்ளைக்குக் கையில் மிஞ்சுவது "கணக்கு, நோட்டு, வெளியே நில்லுங்க". கணக்கை ஒழுங்காக முடித்துக்கொண்டு வந்தவன் வெளியே போய் நிற்பான். வகுப்பே சிரிக்கும். அடுத்த முறை எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுந்திருப்பான், அதற்குள் "உனக்குத் தனியா வெத்தலை பாக்கு வைக்கணுமா?" என்று கேட்பார்கள். அது ஒரு கேலி என்பதும் அவனுக்கு விளங்காது.

இப்படி ஒரு நாளைக்குப் பத்து முறை நடந்தால், காலையில் வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

மற்ற பிள்ளைகளின் பயத்துக்கும் இவன் பயத்துக்கும் இதுதான் வித்தியாசம். பொதுவாகப் பயப்படும் பிள்ளையிடம் "நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் நடக்காது" என்று காட்டிக்கொடுப்போம். இவனிடம் அப்படிச் சொன்னால் பாதி பொய். அவன் பயப்படுவது நிஜமாகவே நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே வகுப்பில் அவன் மேல் விழும் மொழிச் சுமையையும் குறைக்க வேண்டும், மீதிப் பயத்துக்கு வைத்தியமும் செய்ய வேண்டும். சுமையைக் குறைக்காமல் தைரியம் மட்டும் ஊட்டினால், மறுநாளே வகுப்பில் அடிபட்டுத் திரும்புவான். சுமையை மட்டும் குறைத்தால் இன்னொன்று நடக்கும்: ஒதுங்கியே பழகியவன் வேலை சுலபமான பிறகும் ஒதுங்குவான்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். கனடாவில் ஒட்டாவா பகுதியில் 1982இல் 5 வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அவர்களுக்கு 19 வயதானபோது மறுபடி பார்த்தார்கள். சிறு வயதில் மொழிக் குறைபாடு இருந்தவர்களிடம் பதற்றக் கோளாறு கூடுதலாக இருந்தது. அதிலும் பெரும்பங்கு நாலு பேர் முன்னால் பேசவும் பழகவும் வரும் பயம். உங்களைக் கலவரப்படுத்த இதைச் சொல்லவில்லை. எட்டு வயதில் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல நேரம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கவுன்சலிங்கில் ஏன் எடுபடவில்லை? பயத்துக்கு நாங்கள் கொடுக்கும் முதல்தர வைத்தியம் சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது பயமூட்டும் எண்ணத்தையும் ஒதுங்கும் பழக்கத்தையும் மாற்றும் வைத்தியம். அது வழக்கமாக நடக்கும் விதத்தில் பெரும்பாலும் பேச்சால் ஆனது. "அப்போ உன் மனசுல என்ன ஓடுச்சு? அப்படி நடக்காம இருந்தா எப்படி இருந்திருக்கும்?" இந்த இரண்டாவது கேள்வியைத் திரும்பப் படியுங்கள். நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து, அதன் விளைவை நினைத்து, அதற்குரிய வார்த்தையைத் தேடிப் பிடித்து, வாக்கியமாகக் கோத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல வேண்டும். எதில் அவன் பலவீனமோ அதையே கருவியாக வைத்துக்கொண்டு அவனைக் குணப்படுத்தப் பார்க்கிறோம். "தெரியாது" என்பது அங்கே அவனிடம் இருந்த ஒரே நேர்மையான பதில். ஒத்துழையாமை என்று அதைச் சொல்ல மாட்டேன்.

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஏழு வயதுப் பையன் ஒருவனிடம் ரொம்பத் தோழமையாகக் கேட்டேன்: "டீச்சர் உன் பேரைக் கூப்பிட்டா வயித்துல புளியைக் கரைக்குதா?" அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "இல்ல, காலைல இட்லிதான் சாப்பிட்டேன்." சிரித்துவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. என்ன தவறாகச் சொன்னோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் பள்ளியில் தினம் பார்க்கும் சிரிப்பை என் அறையிலும் பார்த்துவிட்டான். அடுத்த இரண்டு வாரம் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றான். பயமா? ஆமா. பயமில்லையா? ஆமா. இந்த "ஆமா" சாமான்யமானதில்லை. புரியாத பிள்ளை கற்றுக்கொள்ளும் முதல் தப்பித்தல் அதுதான். வீட்டில் நீங்களும் கவனியுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எப்போதும் "ஆமா" வரும். "இப்ப முதல்ல என்ன செய்யப் போற, காட்டு" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

அதன் பிறகு நான் பேச்சைக் குறைத்துவிட்டேன். என் மேசையில் ஐந்து கண்ணாடி டம்ளர்களும் ஒரு கூஜா தண்ணீரும் இருக்கும். முதல் டம்ளரில் துளித் தண்ணீர், ஐந்தாவது நிரம்பி இருக்கும். பயம் எவ்வளவு என்று டம்ளரைத் தொட்டுக் காட்டினால் போதும். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. இன்டர்வெல்லுக்கு முதல் டம்ளர். டீச்சர் பேர் கூப்பிடும்போது மூன்றாவது. "எழுந்து நின்னு வாசிக்கும்போது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். கூஜாவை எடுத்து ஐந்தாவது டம்ளரில் ஊற்ற ஆரம்பித்தாள். அது வழிந்து மேசை நனைந்து அவள் பாவாடையில் சொட்டும் வரை நிறுத்தவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வேண்டிய அத்தனை தகவலும் கிடைத்துவிட்டது.

பேச்சில்லாமல் பயத்தைத் தணிப்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத பையனைப் பற்றி எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைத் தூரத்தில் வைத்தார்கள். நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே முயலைத் தடவிக்கொடுத்தான். "முயல் உன்னை என்ன செய்யும் என்று நினைக்கிறாய்?" என்று அவனிடம் யாரும் விவாதிக்கவில்லை. சி.பி.டி.யின் உயிர்நாடியே இந்தப் படிப்படியான நெருக்கம்தான். உங்கள் மகனுக்கு இந்தப் பாதியைப் பெரிதாகவும், எண்ணங்களை அலசும் பாதியைச் சிறிதாகவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாசிக்கும் பயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் படிக்கட்டு வரையுங்கள். உச்சிப் படியில் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கும் படம், குச்சி மனிதன் போதும். அடிப்படியில் வீட்டில் உங்களிடம் வாசிப்பது. நடுவில் என்னவெல்லாம் வரலாம் என்று அவனோடு சேர்ந்து வரையுங்கள். போனில் பதிவு செய்து அவனே கேட்பது, அத்தை வீட்டுப் பையனிடம் வாசித்துக் காட்டுவது, பதிவை டீச்சருக்கு அனுப்புவது, வகுப்பு காலியாக இருக்கும்போது டீச்சர் பக்கத்தில் நின்று ஒரு வரி, நண்பனோடு சேர்ந்து இரண்டு குரலாக ஒரு வரி, அப்புறம் வகுப்பில் தனியாக ஒரே ஒரு வரி. எந்த வரி என்பது முந்தின நாளே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு படியை, அவன் தொட்டுக் காட்டும் பய டம்ளர் இறங்கும் வரை, திரும்பத் திரும்பச் செய்துவிட்டுத்தான் அடுத்தது. ஒரே படியில் இரண்டு வாரம் நின்றாலும் பரவாயில்லை. இரண்டு படியைத் தாண்டிக் குதிக்கச் சொல்லாதீர்கள். பள்ளி ஆண்டு விழாவில் மேடையேற்றிவிட்டால் கூச்சம் போய்விடும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்கு எடுக்கும் பக்கம் அவனால் வாசிக்க முடிந்த பக்கமாக இருக்க வேண்டும். மொழிக் குறைபாடு உள்ள பல பிள்ளைகளுக்கு வாசிப்பும் தடுமாறும். போதாததற்கு நம் பாடப்புத்தகத் தமிழ் வேறு, வீட்டுத் தமிழ் வேறு. "இருக்கு" என்று பேசுகிறவன் "இருக்கின்றன" என்று வாசித்தாக வேண்டும். மூன்றாம் வகுப்புப் புத்தகம் முடியவில்லையா, முதல் வகுப்புப் புத்தகத்தில் தொடங்குங்கள். முடியாததை நாலு பேர் முன் வாசிக்க வைப்பது தண்டனை, வைத்தியம் இல்லை. இந்த இடத்தில்தான் ஸ்பீச் தெரபிஸ்ட் கை கொடுக்க வேண்டும். படிக்கட்டில் அந்த வாரம் எந்தப் படியோ, அதற்குத் தேவையான சொற்களை அவர் தன் வகுப்பில் பழக்கலாம். "மெதுவா சொல்லுங்க", "இன்னொரு தடவை சொல்லுங்க", "எனக்குப் புரியல" ஆகிய மூன்றும் அவன் வாயில் பழக்கமாகிவிட்டாலே பாதி வயிற்றுவலி குறையும் என்பது என் அனுபவம். "புரியல" என்று சொல்ல நம் வகுப்பறைகளில் சாதாரணப் பிள்ளைக்கே துணிச்சல் வேண்டும்.

உணர்ச்சிகளுக்கு வார்த்தை கொடுப்பதும் ஸ்பீச் தெரபிஸ்ட்டின் வேலைதான். பல பிள்ளைகளிடம் இரண்டே சொல் இருக்கும்: ஜாலி, அழுகை. பயம், கூச்சம், கோபம், ஏமாற்றம் எல்லாம் "ஒரு மாதிரி இருக்கு" என்ற ஒரே பையில் கிடக்கும். அந்தப் பை நல்லதுதான், அதிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம். வீட்டில் நீங்களும் சம்பவம் நடக்கும்போதே சொல்லிக்கொடுங்கள். நாய் குரைத்து அவன் உங்கள் கையைப் பிடிக்கும்போது, "கை இறுக்கமா ஆயிடுச்சு, நெஞ்சு படபடன்னு அடிக்குது. இது பயம்" என்று மூன்று சின்ன வாக்கியம். சாயங்காலம் உட்கார வைத்து விளக்க வேண்டாம்.

மூச்சுப் பயிற்சி பற்றி எல்லோரும் கேட்பார்கள். சொல்லிக்கொடுங்கள், தவறில்லை. பூவை முகர்ந்துவிட்டு மெழுகுவர்த்தியை ஊதுவது போல. கையைக் கல் மாதிரி இறுக்கி, அப்புறம் சப்பாத்தி மாவு மாதிரி தளர விடுவது இன்னும் சுலபம். ஆனால் நிஜக் கல்லையும் நிஜ மாவையும் கையில் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். "மாதிரி" என்ற சொல்லே இவனுக்குச் சில நேரம் வழுக்கும். இதெல்லாம் துணைக்குத்தான், படிக்கட்டுக்குப் பதில் ஆகாது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் ஊகித்துச் சொல்கிறேன். கடைக்காரர் "தம்பி பேர் என்ன?" என்று கேட்டதும் நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்கள், இல்லையா? எந்த அம்மாவும் சொல்வார். அவன் திணறுவதைப் பார்க்க முடியாது. ஆனால் அந்த நொடியில் அவன் வயிறு லேசாகிறது, அடுத்த முறையும் உங்களைத்தான் பார்ப்பான். இனி மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். வரவில்லை என்றால் இரண்டில் ஒன்றைக் கொடுங்கள்: "பேரைச் சொல்றியா, டாட்டா காட்டுறியா?" எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஜெயம்தான்.

காலை வயிற்றுவலிக்கும் இதே கணக்கு. வலி பொய்யில்லை, நடிக்கவில்லை. "நடிக்காதே" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஆனால் விடுப்பும் எடுக்காதீர்கள். வீட்டில் இருந்த ஒவ்வொரு நாளும் மறுநாளை இன்னும் கனமாக்கும். முடியாத நாளில் மதியம் வரையாவது போகட்டும். அன்றைக்கு என்னென்ன பீரியட், யார் கூப்பிட வருவார்கள் என்று படமாக வரைந்து பையில் வைத்துவிடுங்கள்.

டீச்சரிடம் நீளமாக எதுவும் கேட்க வேண்டாம், அவருக்கு நாற்பது பிள்ளைகள். மூன்று விஷயம் மட்டும். சொல்வதைச் சின்னச் சின்னதாக உடைத்துச் சொல்வது. முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல் இருப்பது. கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பது. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் உதவியைத் தலைமையாசிரியர் மூலம் கேளுங்கள்.

வீட்டில் வாய் ஓயாமல் பேசி, பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு சொல்கூடப் பேசாமல் இருக்கிறான் என்றால் சொல்லுங்கள். அதற்கு வேறு பெயர், தேர்ந்தெடுத்த மௌனம். அதுவும் பயத்தின் வகைதான், பிடிவாதம் இல்லை. ஆனால் படிக்கட்டை வேறு விதமாகக் கட்ட வேண்டும்.

மாத்திரை? இப்போதைக்கு அவசரமில்லை என்றே நினைக்கிறேன். சாப்பாடும் தூக்கமும் கெட்டு, பள்ளிக்கே போக முடியாமல் போனால் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள், தயங்க வேண்டாம். 2008இல் அமெரிக்காவில் பதற்றக் கோளாறு இருந்த 7 முதல் 17 வயது வரை உள்ள 488 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 விழுக்காட்டினரும், பதற்றத்துக்குத் தரும் செர்ட்ராலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55 விழுக்காட்டினரும் நன்கு தேறினார்கள். இரண்டும் சேர்ந்தபோது 81. மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு 24. ஆக, மாத்திரை கெட்ட வார்த்தை இல்லை, ஆனால் அதை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது.

செலவு இடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், அதாவது பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கவனிக்கும் மையங்கள், இருக்கின்றன. ஸ்பீச் தெரபிஸ்ட்டும் உளவியலாளரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் நோக்கமே. 18 வயது வரை பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். இரவில் மனம் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். அது உங்களுக்கும்தான்.

இப்போது பார்க்கும் இருவரையே தொடர்வதானால், ஒருவர் போன் எண்ணை மற்றவருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடம் அவர்கள் பேசிக்கொண்டால் தீரும் விஷயத்துக்கு நீங்கள் மாதக்கணக்கில் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். கவுன்சலரிடம் டம்ளர் கதையைச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டை வரைந்துவிடுங்கள். எத்தனை படி வேண்டும் என்று அவன் சொல்லட்டும். இருபது என்றால் இருபது. முடிந்தால் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.